மாமியாரின் குறிப்பேடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"பிரெஞ்சு இலக்கியம் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டார். ஒரு சமையல் குறிப்பேட்டைப் பற்றிப் பேசலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். தொலைபேசியில் சற்று நேரம் ஓசை இல்லை. பிறகு பெருந்தன்மையோடு, "அதுவும் எழுத்துத்தானே!" என்றார். அந்தச் சொல்லையே பற்றுக்கோடாகக் கொண்டு உங்கள் முன் நிற்கிறேன்.

பிரெஞ்சுச் சமையல் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது உயர்ந்த உணவகம், வெள்ளைத் தொப்பி அணிந்த ஓர் ஆடவர், வாய்க்குள் நுழையாத பெயர்கள் நிறைந்த பட்டியல். அதற்கு நியாயம் உண்டு. ஓகுஸ்த் எஸ்கோஃபியே 1903-இல் வெளியிட்ட பெருநூல் முதலாக, உலகம் அறிந்த பிரெஞ்சுச் சமையல் பெரும்பாலும் விடுதிச் சமையலே. அதை நான் மதிக்கிறேன்; அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, ஆசையும் இல்லை. அந்த நாட்டிலே இன்னொரு சமையல் உண்டு. 'குடும்பச் சமையல்' என்பார்கள். 'பாட்டி சமையல்' என்பார்கள். அதற்கும் நூல்கள் உண்டு. 1746-இல் மெனோன் என்பவர் எழுதிய நூலின் தலைப்பில் 'சமையற்காரி' என்ற பெண்பாற்சொல் இடம்பெற்றது. பிரபுக்களின் மாளிகைகளில் பணிபுரிந்த ஆடவரை நோக்கியே நூல்கள் எழுதப்பட்ட காலம் அது. 1932-இல் ஜினெத் மாத்தியோ என்னும் இருபத்தைந்து வயது ஆசிரியை 'எனக்குச் சமைக்கத் தெரியும்' என்ற நூலை எழுதினார். தலைப்பு தன்மை ஒருமையில் அமைந்திருப்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அடுத்த ஆண்டே, பண்ணை வேலைக்காரியாக வாழ்வைத் தொடங்கிய லியோன் நகரத்து யூஜெனி பிராசியே, தம் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷலேன் நட்சத்திரங்கள் பெற்றார். அதுவரை எந்த ஆடவரும் எட்டாத ஆறு நட்சத்திரங்கள்! அவர் சமைத்ததும் அடிப்படையில் வீட்டுச் சமையல்தான்.

மாத்தியோவின் நூல் எங்கள் வீட்டிலும் இருந்தது. 1952-இல் என் மாமியாரின் திருமணத்துக்கு யாரோ பரிசளித்தது. அவர் அதைத் திறந்து நான் கண்டதில்லை. அலமாரியில் அதன்மேல் சாய்ந்து நின்ற பள்ளிக்கூட நோட்டைத்தான் கையில் எடுப்பார். நான் பேச வந்தது அந்த நோட்டைப் பற்றி.

முதலில் என் மாமியார். அவர் 1931-இல், கிரெனோபிள் நகருக்கு மேற்கே, இசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வெர்க்கோர் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அக்ரூட் மரங்களின் நாடு அது. கிரெனோபிள் அக்ரூட்டுக்கு 1938-இலேயே பிறப்பிடப் பெயருரிமை கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மரங்கள், தொழுவத்தில் மூன்று பசுக்கள், கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலம். இலையுதிர் காலத்து இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, சிறு மரச்சுத்தியால் அக்ரூட்டை உடைத்துப் பருப்பெடுப்பார்களாம். ஊர்க்கதைகள் எல்லாம் அங்கேதான் உடைபடும் என்று அவர் சொல்வார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது 1978-இல். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள் ஆதலால் என்னிடம் பிரெஞ்சு இருந்தது. இலக்கணம் வழுவாத, உப்பில்லாத பிரெஞ்சு. அதைக் கேட்டு என் மாமனார், "நம் வீட்டுக்கு ஒரு நீதிபதி வந்திருக்கிறார்" என்றார். பிரெஞ்சில் 'நீ', 'நீங்கள்' வேறுபாடு நம்மைப் போலவே உண்டு. மாமியார் என்னை 'நீங்கள்' என்றே அழைத்தார். மரியாதைதான், ஆனால் மரியாதைக்குள் ஒரு தொலைவும் இருக்கும் என்பதை நம் வீடுகளில் மருமகளாய் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சமையலறையில் எனக்கு வேலை கிடையாது. கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து வைக்கலாம், அவ்வளவே.

ஏறக்குறைய மூன்றாண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒரு ஞாயிறு காலை மாமியார் தோட்டத்துக்குக் கீரை பறிக்கப் போனவர், வாசற்படியில் திரும்பி நின்று, "பானையைப் பார்த்துக்கொள். சிரிக்க ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிடு" என்றார்.

இரண்டு காரணங்களால் நான் திகைத்து நின்றேன். முதலாவது, அவர் என்னை 'நீ' என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, பானை எப்படிச் சிரிக்கும்?

அடுப்பருகே நின்று பார்த்தேன். குளிர்ந்த நீரில் இட்ட இறைச்சி மெல்லச் சூடேறுகிறது. நுரை திரண்டு மேலே வருகிறது. அதை அவர் முன்பே அகற்றியிருந்தார். நீரின் முகத்தில் அசைவில்லை. பிறகு ஓர் ஓரத்தில், பானையின் விளிம்பையொட்டி, ஒரு சிறு குமிழி எழுந்து உடைகிறது. அதே இடத்தில் இன்னொன்று. உதட்டோரத்தில் மட்டும் தோன்றி மறையும் சிரிப்பு! நான் கூப்பிட்டேன். அவர் வந்து அனலைத் தணித்தார். "இனி மூன்று மணி நேரம் இப்படியே புன்னகைக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தால் சாறு கலங்கிவிடும்" என்றார்.

அது அவருடைய சொந்தக் கற்பனை என்று எண்ணியிருந்தேன். பிரெஞ்சுச் சமையலறையின் பொதுச்சொல் அது என்று பின்னால் தெரிந்தது. அந்த நாட்டு அடுப்பங்கரையில் சாறு புன்னகைக்கும், பால் நடுங்கும், வெங்காயம் வியர்க்கும், பிறகு அதன் தலைமுடி பொன்னிறமாகும். காடி ஒரு கண்ணீர்த்துளி அளவு விடப்படும். தேநீரில் பால் ஒரு மேகம். மது ஒரு விரல். சாதிக்காய்த் தூள் ஒரு 'சந்தேகம்'. ஆம், இருக்கிறதா இல்லையா என்று நாக்கு ஐயுறும் அளவு. தைம், பிரிஞ்சி இலை, பார்ஸ்லி மூன்றையும் நூலால் கட்டிச் சாற்றில் இடும் கட்டுக்குப் பெயர் பூச்செண்டு. இவற்றையெல்லாம் எழுதியவர் எந்தக் கவிஞரும் அல்லர். கரண்டியைக் கையில் பிடித்தவர்கள் சொல்லிச் சொல்லி உருவானவை. நம்மிடம் இல்லையா என்று கேட்பீர்கள். நெல்லிக்காய் அளவு புளி, சுண்டைக்காய் அளவு வெல்லம், கண்ணாடிபோல் வதங்கிய வெங்காயம், பாகு 'கம்பிப் பதம்' — எல்லாம் உண்டு. ஆனால் நாம் பெரும்பாலும் காயையும் கம்பியையும் உவமையாக்கினோம். அவர்கள் மனித உடலையும் மனத்தையும் அடுப்பிலேற்றினார்கள் என்று எனக்குத் தோன்றும். இது ஒரு பெண்ணின் எண்ணம்தான், ஆய்வாளர்கள் மறுக்கலாம்.

அவர்களிடமும் ஒரு காய் உவமை உண்டு: 'ஓர் அக்ரூட் அளவு வெண்ணெய்'. எந்தச் சமையல் நூலிலும் காணலாம். எங்கள் மாமியார் வீட்டில் அது வெறும் உவமை அன்று. கிரெனோபிள் அக்ரூட் பெரியது. ஆகவே அந்த வீட்டுச் சமையலில் வெண்ணெயும் ஒரு பங்கு கூடுதல். அவருடைய இளைய மருமகனின் தாய் வேறு மாகாணத்தவர். "உங்கள் வீட்டில் எல்லாமே கொஞ்சம் கொழுப்பு" என்று அந்த அம்மையார் ஒரு முறை சொல்லிவிட்டார். மாமியார் பதில் சொல்லவில்லை. கூடையிலிருந்து ஓர் அக்ரூட்டை எடுத்து அவர் தட்டின் அருகே வைத்தார்.

இனி நோட்டுக்கு வருகிறேன். கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு, ஊதா மை, உணவின் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்து இழுத்த கோடு. 1952-இல் முதல் பக்கம் எழுதப்பட்டது. புதுமணப்பெண் தன் குறிப்பேட்டில் முதலில் எதை எழுதுவாள்? விருந்துக்குரிய ஒன்றை என்று நினைப்போம். அவர் எழுதியது 'பனாத்'. பழைய ரொட்டியைத் தண்ணீரில் வேகவைத்துக் கரைக்கும் கஞ்சி. பிரெஞ்சு நாட்டில் இதைவிட ஏழை உணவு வேறில்லை. காய்ந்த ரொட்டி 200 கிராம், தண்ணீர் 1 லிட்டர், உப்பு. அரை மணி நேரம் மெல்லிய அனல். அகப்பையால் அடித்துக் கரைத்து, இறக்கியபின் ஒரு முட்டையின் மஞ்சட்கரு, கொஞ்சம் பால், ஓர் அக்ரூட் அளவு வெண்ணெய். தலைப்புக்குப் பக்கத்தில் இரண்டு சொற்கள்: 'அப்பாவுக்கு'.

அதன் கதை இது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஏறக்குறைய 18 லட்சம் பிரெஞ்சுப் படைவீரர்கள் சிறைப்பட்டார்கள்; பெரும்பாலோர் ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். என் மாமியாரின் தந்தை அவர்களில் ஒருவர். ஒன்பது வயதுச் சிறுமிக்குத் தந்தை ஐந்தாண்டுகள் இல்லாமற்போனார். நாட்டில் உணவுக்குச் சீட்டு வந்தது. ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் அளவுச்சீட்டு. ரொட்டிச் சீட்டு ஒழிந்தது போர் முடிந்து நான்காண்டுகள் கழித்து, 1949-இல்தான். நகரத்தவர் மாட்டுத் தீவனமாக இருந்த ரூத்தபாகா என்ற கிழங்கையும், தோப்பினாம்பூர் என்ற முடிச்சுக் கிழங்கையும் தின்று காலம் தள்ளினார்கள். சிற்றூரில் பால் இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. லியோனில் இருந்த சிற்றன்னைக்கு, அரசு அனுமதித்த குடும்பப் பொட்டலங்களில் அக்ரூட்டும் கிழங்கும் போகும். திரும்பி வரும் கடிதங்களில் நன்றியைவிட, பொட்டலத்தின் எடை எத்தனை கிராம் குறைந்து வந்தது என்ற கணக்கு மிகுதியாக இருக்குமாம்.

தந்தை 1945 வசந்தத்தில் நடந்து வந்தார். வீட்டார் ஒளித்து வைத்திருந்த பன்றித்தொடை, வெண்ணெய், திராட்சை மது எல்லாம் மேசைக்கு வந்தன. அவரால் எதையும் உண்ண முடியவில்லை. ஐந்தாண்டுகள் சுருங்கிய வயிறு. "கொஞ்சம் ரொட்டிக் கஞ்சி இருக்கிறதா?" என்று கேட்டாராம். பிறகு உடல் தேறியது. உழுதார், மரமேறினார், பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்தார். ஆயினும் சாகும்வரை அவருடைய இரவு உணவு அதுவே. மகள் மணமாகிப் போன பின்பு, தந்தை தம் வீட்டுக்கு வரும் நாட்களுக்காகத்தான் அந்தக் குறிப்பை முதற்பக்கத்தில் எழுதினாள். தாய் செய்யும்போது பார்த்ததைக் கை மறந்துவிடுமோ என்ற அச்சம்.

அந்தக் குடும்பத்தில் ரூத்தபாகா என்ற சொல்லே பேசப்படாது. சிறைமுகாமின் சூப்பும் அதுதானாம். 2000-க்குப் பின் பாரிசின் உணவகங்களில் இந்தக் கிழங்குகள் மறுபிறவி எடுத்தன. 'மறக்கப்பட்ட காய்கறிகள்' என்று அவற்றுக்கு அழகிய பெயர். ஒரு பிறந்தநாளுக்கு மாமியாரை அழைத்துச் சென்றோம். பட்டியலில் தோப்பினாம்பூர் மசியல், காளான் எண்ணெய், நல்ல விலை. பிள்ளைகள் ஆவலோடு அந்தப் பெயரை உரக்கப் படித்தார்கள். மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மறந்தது யார்?" என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் பார்மாந்தியேவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்துவான் பார்மாந்தியே பதினெட்டாம் நூற்றாண்டின் மருந்தாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டார். அங்கே சிறைவாசிகளுக்குக் கிடைத்தது உருளைக்கிழங்கு. பிரான்சிலோ அது பன்றிக்குத் தீனி, தொழுநோய் தரும் என்ற பழி. நாடு திரும்பியவர் தம்மை உயிரோடு வைத்த கிழங்குக்காக வாழ்நாள் முழுதும் வழக்காடினார். 1772-இல் பாரிஸ் மருத்துவப் புலம் அது உண்ணத்தக்கதே என்று ஒப்புக்கொண்டது. 1813-இல் இறந்தார். பேர்-லஷேஸ் இடுகாட்டில் அவர் கல்லறைமேல் இன்றும் யாரேனும் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். மிஞ்சிய இறைச்சியைக் கொத்தி, மேலே கிழங்கு மசியலைப் பரப்பிச் சுடும் எளிய வீட்டுணவு அவர் பெயரைத் தாங்குகிறது. ஒரு சிறைவாசி ஒரு கிழங்கைக் காதலித்துத் திரும்பினார். இன்னொரு சிறைவாசி இன்னொரு கிழங்கை வெறுத்துத் திரும்பினார்.

போர் ஆண்டுகளின் ஒரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். சனவரி 6 மூன்று அரசர் திருநாள். அன்று ஒரு வட்ட ரொட்டிக்குள் ஒரு மொச்சைக்கொட்டையை மறைத்துச் சுடுவார்கள். இப்போது பீங்கான் பொம்மை. யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைய அரசர். கள்ளம் நேராதிருக்க, வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, ஒவ்வொரு துண்டும் யாருக்கு என்று கூவ வேண்டும். (குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் செல்லும் ரொட்டியில் மட்டும் கொட்டை இருக்காது. குடியரசில் அரசர் எப்படி?) தலை எண்ணிக்கையைவிட ஒரு துண்டு கூடுதலாக வெட்டுவது மரபு. அது 'ஏழையின் பங்கு'. வாசலில் வந்து நிற்பவருக்கு. 1941 முதல் அந்த வீட்டில் அத்துண்டைத் தந்தையின் பெயர் சொல்லி எடுத்துவைத்தார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் அரிதாகி, ரொட்டி கறுத்துப்போன ஆண்டுகளிலும் வைத்தார்கள். காலையில் அதைத் தின்ன யாருக்கும் மனம் வராமல் கோழிக்குப் போட்டார்களாம். நான் அந்த வீட்டில் இருந்த முப்பது ஆண்டுகளிலும் கூடுதல் துண்டு வெட்டப்பட்டது. யாருக்கென்று யாரும் சொல்லவில்லை.

கோழி என்றதும் பானைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரெஞ்சு வீட்டின் பேருணவு 'பொத்-ஓ-ஃபெ', அதாவது 'நெருப்பின்மேல் பானை'. மாட்டிறைச்சியோடு எலும்பும், லீக்ஸும் காரட்டும் டர்னிப்பும், கிராம்பு குத்திய வெங்காயமும், நான் சொன்ன பூச்செண்டும். முதலில் தெளிந்த சாறு. பிறகு இறைச்சியும் காயும், கல்லுப்பும் கடுகு விழுதும். மறுநாள் மிஞ்சிய சாற்றில் சேமியா. அதற்கடுத்த நாள் பார்மாந்தியே. பழையதை வீணாக்காத சிக்கனம் நம் சுண்டக்குழம்பைப் போல அங்கும் ஒரு கலை. ஆனால் நான் போன நாள்முதல் அந்த வீட்டு ஞாயிற்றுப் பானையில் நான் கண்டது கோழி. முதிர்ந்த முட்டைக்கோழியை அதே காய்களோடு வேகவைப்பது. குடியானவர் ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் பானையில் கோழி வேகவைக்க வேண்டும் என்று நான்காம் ஹென்றி மன்னர் விரும்பியதாக மரபு சொல்லும் அதே உணவு. இந்தக் குடும்பத்தின் வழக்கம் அதுபோலும் என்று இருந்துவிட்டேன்.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தில் பிறந்தவள் நான். அதை அவர்களிடம் நான் சொன்னதில்லை. புதிய வீட்டில், முதல் உணவில், எப்படிச் சொல்வது? என் கணவர் சொல்லியிருக்க வேண்டும். மாமியார் இறந்தபின் நோட்டை முதன்முறையாகப் பக்கம் பக்கமாகப் படித்தேன். பொத்-ஓ-ஃபெ பக்கத்தில் இறைச்சியின் வரிமேல் ஒரு மெல்லிய கோடு. ஓரத்தில் பென்சிலால், '1978 முதல் கோழி'. வேறொன்றும் இல்லை. என் பெயர் இல்லை, காரணம் இல்லை. பார்மாந்தியே பக்கத்திலும் 'கோழியாலும் வரும்' என்று ஒரு குறிப்பு. மாமனாருக்குப் பொத்-ஓ-ஃபெ என்றால் உயிர் என்று நாத்தனார் பிறகு சொன்னார். அந்த மனிதர் தம் ஆயுளின் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் கோழியைத் தின்றார். ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு 'நீங்கள்' போட்டுத் தொலைவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நான் கருதிய அந்த மூன்று ஆண்டுகளும் அதில் அடக்கம்.

இலக்கியக் கூட்டத்தில் மர்செல் புரூஸ்த்தின் பெயரைச் சொல்லாமல் பிரெஞ்சு உணவைப் பற்றிப் பேசி இறங்க முடியாது. 1913-இல் வந்த முதற்பகுதியில் தேநீரில் நனைத்த மாதலேன் என்ற சிறு கேக் ஒரு சிற்றூரையே எழுப்பிக் கொண்டுவருவதை நீங்கள் அறிவீர்கள். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு அது. முந்தைய வரைவுகளில் அது மாதலேன் அன்று, சாதாரண வறுத்த ரொட்டித்துண்டு என்பது பலர் அறியாதது. எனக்கு அந்த ரொட்டித்துண்டுமேல் ஓர் இரக்கம் உண்டு. மாதலேனைவிட நான் மதிப்பது வேறோர் இடம். 1909-இல் தம் வீட்டுச் சமையற்காரிக்கு எழுதிய கடிதத்தில், அவர் செய்த மாட்டிறைச்சிப் பாகின் தெளிவும் உறுதியும் தம் நடைக்கு வாய்க்க வேண்டும் என்று புரூஸ்த் விரும்பினார். இறுதிப் பகுதி 1927-இல் வெளிவந்தது. அதில் கதை சொல்பவன், பல தேர்ந்த துண்டுகளின் சாறு இறங்கிச் செறிந்த அந்தப் பாகைப் போலத் தன் நூலைச் சமைக்கப் போவதாக எண்ணுகிறான். எழுத்தாளன் தன் கலைக்கு ஆசானாக ஒரு வேலைக்காரப் பெண்ணின் கையை ஏற்ற இடம் அது.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 'கிராத்தேன் தோஃபினுவா'. தோஃபினே என்பது அவர்கள் மாகாணத்தின் பழைய பெயர். செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு 1 கிலோ; தோல் சீவி, கழுவித் துடைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக அரிய வேண்டும். அரிந்தபின் கழுவவே கூடாது. அந்த மாவுப்பசைதான் பாலைக் கட்டும். மண் தட்டின் உட்புறத்தைப் பூண்டால் தேய்க்க வேண்டும். பூண்டின் வேலை அதோடு முடிந்தது. அரை லிட்டர் பாலும் கால் லிட்டர் பாலேடும், உப்பு, மிளகு, சாதிக்காய் ஒரு சந்தேகம். கிழங்கை அடுக்கி, பால் மட்டம் கிழங்கின் மட்டத்தைத் தொடும்வரை ஊற்றி, மேலே வெண்ணெய் அங்கங்கே. 160 பாகை வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம். அவசரப்பட்டால் பால் திரிந்துபோகும். பாலாடைக்கட்டி கிடையாது, முட்டை கிடையாது. உணவகங்களில் மேலே பாலாடைக்கட்டி தூவித் தருகிறார்கள், மாமியார் அதைக் கண்டால், "நன்றாக இருக்கிறது. ஆனால் இது சவுவா, அடுத்த மாகாணம்" என்பார்.

அந்த நோட்டில் 1 கிலோ என்று நேராக எழுதியிருக்கவில்லை. முதலில் '500 கிராம்'. அது 1952, கணவனும் மனைவியும். அது அடிக்கப்பட்டு, '800'. பிறகு '1 கிலோ'. மூன்று பிள்ளைகளும் மேசைக்கு வந்துவிட்டார்கள். மகன்களுக்குப் பதினைந்து, பதினெட்டு வயதான காலத்தில் '2 கிலோ', பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. மருமக்கள், பேரப்பிள்ளைகள் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு '3 கிலோ, இரண்டு தட்டு'. அதற்குப் பிறகு எண்கள் இறங்குகின்றன. '1 கிலோ.' '500.' தொடங்கிய இடத்துக்கே வந்தாயிற்று. ஆனால் மை வேறு, கை வேறு, எழுத்தில் நடுக்கம். 1991-இல் மாமனார் இறந்தார். '250' என்றிருக்கிறது. அதற்கும் கீழே, கிராமே இல்லாமல், 'இரண்டு கிழங்கு'.

ஒரே உணவு, ஒரே செய்முறை. அளவு மட்டும் மாறுகிறது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. கடிதங்களிலும் தட்பவெப்பம்தான் எழுதுவார். கணவர் இறந்ததைப் பற்றி என்னிடம் அவர் பேசிய சொற்கள் மிகக் குறைவு. '500' என்பதை அடித்த கோடு மட்டும் காகிதம் கிழியும் அளவுக்கு அழுந்தியிருக்கிறது.

அவர் 2008-இல் மறைந்தார். வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. நிலத்துக்கும் மரங்களுக்கும் கணக்குப் போட்டுப் பிரிப்பதில் சிக்கல் எழவில்லை. நோட்டு யாருக்கு என்பதில்தான் மூன்று பிள்ளைகளும் ஒரு மாலை முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள். மூத்தவர் என் கணவர். முறைப்படி தமக்கே என்றார். எழுத்து பெண்வழி என்றார் நாத்தனார். இளையவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தம் மடியிலேயே வைத்திருந்தார். கடைசியில் என் கணவரே வீட்டின் கடைக்குட்டியை, ஆறு வயதுப் பேத்தியை, மேசைக்கடியில் போகச் சொன்னார். "இது யாருக்கு?" என்று கேட்டார். திருநாள் இல்லாத நாளில் எதற்கு இந்த விளையாட்டு என்று குழந்தைக்குப் புரியவில்லை. சற்று யோசித்து, அது தன் அத்தையின் பெயரைச் சொன்னது.

ஆகவே மூலம் நாத்தனாரிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒளிநகல். நகலில் ஒரு குறை உண்டு. ஊதா மையும் பென்சிலும் வெண்ணெய்க் கறையும் ஒரே கறுப்பாகத்தான் விழுந்திருக்கின்றன. சில இடங்களில் எது சொல், எது சொட்டு என்று தெரியவில்லை. கிராத்தேன் பக்கத்தின் அடியில் ஒரு வளைவு இருக்கிறது. அது '6' என்ற எண்ணா, தட்டின் விளிம்பு பட்ட அடையாளமா என்று நானும் நாத்தனாரும் தொலைபேசியில் வாதாடியிருக்கிறோம். மூலத்தைக் கையில் வைத்திருக்கும் அவருக்கும் உறுதியில்லை.

2010-இல் யுனெஸ்கோ 'பிரெஞ்சு மக்களின் விருந்துணவு' என்பதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்தி. அந்தப் பட்டியலுக்காக யாரும் எங்கள் நாத்தனாரின் அலமாரியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. பிரான்சில் குழந்தைகள் முதன்முதலில் செய்யக் கற்பது தயிர் கேக். மழலையர் பள்ளியிலேயே கற்றுத் தருவார்கள். அதற்குத் தராசு வேண்டாம். 125 கிராம் தயிர் வரும் சிறு கிண்ணமே அளவை. நம் உழக்கைப் போல. ஒரு கிண்ணம் தயிர், இரண்டு கிண்ணம் சர்க்கரை, மூன்று கிண்ணம் மாவு, அரைக் கிண்ணம் எண்ணெய், மூன்று முட்டை, ஒரு பொட்டலம் பேக்கிங் பவுடர். கலக்கி, 180 பாகையில் முப்பத்தைந்து நிமிடம் போலச் சுட வேண்டியதுதான். மாமியாரின் நோட்டில் இது இல்லை. எழுதிவைக்கும் அளவுக்கு இது ஒரு சமையலா என்பார். அன்று மேசைக்கடியில் புகுந்த பேத்தி இப்போது வளர்ந்துவிட்டாள். நான் கிண்ணத்தை எண்ண, அவள் கலக்க, நேற்றிரவு இரண்டு செய்தோம். பின்மேசையில் தேநீருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று செயலாளர் சொன்னாரோ, அதைவிட ஒரு துண்டு கூடுதலாக வெட்டியிருக்கிறாள்.